ஈஸ்டர்ன் மிச்சிகன், 2006: எச்சரிக்கை வராத பத்து வாரங்கள்

2006 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் இருக்கிறது ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம். அங்கே ஹில் ஹால் என்ற விடுதியில் 22 வயது மாணவி ஒருவர் தன் அறையில் இறந்து கிடந்தார். வளாகப் போலீஸ் வந்து பார்த்தது. உடல் கிடந்த நிலை இயல்பான சாவு போல இல்லை. போலீசார் ஆரம்பத்திலிருந்தே கொலையாக இருக்கலாம் என்ற கோணத்தில்தான் விசாரித்தார்கள். ஆனால் மறுநாள் பல்கலைக்கழகம் வெளியிட்ட அறிவிப்பு, மரணத்தில் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை என்று சொன்னது.

மாணவர்கள் அதை நம்பினார்கள். பருவத்தை முடித்துக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனார்கள், ஜனவரியில் அதே விடுதிகளுக்குத் திரும்பினார்கள். மகளுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் பெற்றோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2007 பிப்ரவரி 23 அன்று அதே பல்கலைக்கழகத்தின் மாணவன் ஒருவன் கைது செய்யப்பட்டான். கொலையும் பாலியல் வன்முறையும் சார்ந்த குற்றச்சாட்டுகள். நடந்தது கொலை என்பது வளாகத்துக்கும் குடும்பத்துக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் 70 நாட்கள் போயிருந்தன. அத்தனை நாளும் அவன் மற்ற மாணவர்களோடு மாணவனாகவே நடமாடிக்கொண்டிருந்தான்.

வளாகக் குற்றங்களைப் பற்றிப் பேசும்போது பென் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களின் பெயர்கள்தான் முதலில் வரும். அபராதங்களும் அங்கே பல மடங்கு பெரியவை. இருந்தாலும் வளாகப் பாதுகாப்புக்கான க்ளெரி சட்டம் என்ற அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒரு பல்கலைக்கழகத்திடம் உண்மையில் எதைக் கேட்கிறது என்று புரிந்துகொள்ள ஈஸ்டர்ன் மிச்சிகன் வழக்கைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வளாகக் குற்ற எண்களை வெளியிடுவதுதான் இந்தச் சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபத்து இருக்கும்போதே, எல்லாம் உறுதியாகத் தெரியும் முன்பே, மாணவர்களிடம் சொல்ல வேண்டும் என்ற கடமைதான் அதன் உயிர். பல்கலைக்கழகங்கள் அதிகமாகத் தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

சட்டம் பிறந்த கதை

1986 ஏப்ரல் 5 அதிகாலை, பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் க்ளெரி என்ற 19 வயது முதலாண்டு மாணவி தன் விடுதி அறையில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். கொன்றவன் அதே பல்கலைக்கழக மாணவன். அவருக்கு முன்பின் தெரியாதவன். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய விடுதிக் கதவுகள் மூடாதபடி பீட்சா பெட்டிகளைச் செருகித் திறந்து வைக்கப்பட்டிருந்தன.

அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மட்டும் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன என்று பெற்றோர் பிறகு தெரிந்துகொண்டார்கள். அவர்களை மிகவும் வதைத்திருக்கக்கூடியது வேறொன்று. ஜீனின் அண்ணன்கள் படித்த டுலேன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி கொல்லப்பட்ட செய்தியைக் கேள்விப்பட்டு, அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் லீஹையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டுலேனைப் பற்றிய செய்தி வெளியே வந்தது, லீஹையில் நடந்தவை வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹோவர்ட், கானி க்ளெரி தம்பதி பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டார்கள், அது சமரசத்தில் முடிந்தது. 1987-இல் செக்யூரிட்டி ஆன் கேம்பஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1988-இல் பென்சில்வேனியா ஒரு மாநிலச் சட்டம் கொண்டுவந்தது. 1990 நவம்பரில் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட, அது நாடு முழுவதுக்குமான சட்டமாக வந்தது. 1998-இல் அதற்கு ஜீன் க்ளெரியின் பெயர் சூட்டப்பட்டது. தங்கள் வீட்டுத் துயரத்தை இழப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், முகம் தெரியாத பிள்ளைகளுக்காக நாடாளுமன்றம் வரை கொண்டுபோன அந்தப் பெற்றோரை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனத்துப் போகிறது.

என்ன செய்யச் சொல்கிறது

மாணவர்களுக்கான கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகை, கல்விக்கடன் திட்டங்களில் சேர்ந்திருக்கும் எந்தக் கல்லூரியும் க்ளெரி சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அந்தப் பணம் இல்லாமல் அங்கே ஏறத்தாழ எந்தப் பெரிய கல்லூரியும் ஓடாது. சட்டத்தின் பிடி அதில்தான் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1-க்குள் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கை வெளிவர வேண்டும். அதில் முந்தைய மூன்று காலண்டர் ஆண்டுகளின் குற்ற எண்ணிக்கை இருக்கும்: கொலை, பாலியல் குற்றங்கள், வழிப்பறி, கொடுந்தாக்குதல், அத்துமீறிப் புகுதல், வாகனத் திருட்டு, தீவைப்பு. வெறுப்புக் குற்றங்கள் தனியாகக் காட்டப்படும். ஆயுதம், போதைப்பொருள், மது தொடர்பான கைதுகளும் ஒழுங்கு நடவடிக்கைகளும் உண்டு. 2013-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு காதல் உறவுக்குள் வன்முறை, குடும்ப வன்முறை, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல் ஆகியவையும் சேர்ந்தன.

இங்கே கணக்கில் வருவது புகார்தான். கைது நடக்கவில்லை, வழக்கு நிற்கவில்லை என்பதற்காக ஒரு புகாரை எண்ணாமல் விட முடியாது. புகாரை வாங்குகிறவரும் போலீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாணவர் நலப் பொறுப்பாளர், விளையாட்டுப் பயிற்சியாளர், விடுதியில் தங்கிப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவர் என்று பலரையும் சட்டம் கேம்பஸ் செக்யூரிட்டி அத்தாரிட்டி என்ற பட்டியலில் வைக்கிறது. அவர்களில் ஒருவரிடம் சொன்னாலே பல்கலைக்கழகத்திடம் சொன்னதாக அர்த்தம். வளாகப் போலீஸ் வைத்திருக்கும் கல்லூரிகள் தினசரிக் குற்றப் பதிவேடு ஒன்றையும் பராமரிக்க வேண்டும். புகார் வந்து இரண்டு வேலை நாட்களுக்குள் அதில் ஏற்ற வேண்டும், யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும்.

அப்புறம் வருவது டைம்லி வார்னிங் எனப்படும் எச்சரிக்கை. சட்டத்தின் பட்டியலில் உள்ள ஒரு குற்றம் பற்றித் தகவல் வந்து, அது மற்ற மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் அச்சுறுத்தலாகத் தொடரக்கூடும் என்றால், அதேபோன்ற இன்னொரு குற்றத்தைத் தடுக்க உதவுகிற நேரத்திலேயே வளாகம் முழுவதுக்கும் சொல்லிவிட வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயர் அதில் வரக்கூடாது. இத்தனை மணிக்குள் என்று ஒரு கெடுவைச் சட்டம் வைக்கவில்லை. சூழ்நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்திடமே விடப்பட்டிருக்கிறது.

எங்கே பிசகியது

எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஈஸ்டர்ன் மிச்சிகனில் நடந்த கொலை எங்கே தெரிய வேண்டும்? 2007 அக்டோபரில் வரும் அறிக்கையில், 2006 என்ற பத்தியில், கொலை என்ற வரிசையில், விடுதி என்ற கட்டத்தில் "1" என்று. பிப்ரவரியில் கைது நடந்துவிட்டதால் அந்த எண்ணை அக்டோபரில் சரியாகவே போட்டிருக்கலாம். அது சரியாக இருந்திருந்தாலும் 2006 டிசம்பரில் ஹில் ஹாலில் தங்கியிருந்த ஒரு மாணவிக்கு அதனால் என்ன பயன்? அறைக் கதவைப் பூட்டிக்கொள்ளவோ, சில நாட்கள் தோழியோடு தங்கவோ, விடுதியில் தெரியாத ஆளைப் பார்த்தால் போலீசைக் கூப்பிடவோ அவளுக்கு அன்றே தகவல் வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் நிலையில் நின்று யோசித்துப் பார்ப்பதும் நியாயம்தான். சாவுக்கான காரணம் முடிவாகவில்லை. மருத்துவப் பரிசோதனை முடிவுகள் வர வேண்டும். கொலை என்று அறிவித்துவிட்டு அது கொலை இல்லை என்று ஆனால் வளாகமே கலவரப்பட்டிருக்கும், குடும்பமும் தேவையில்லாமல் துடித்திருக்கும். விசாரணையின் விவரங்கள் வெளியே போனால் குற்றவாளி உஷாராகிவிடலாம். இவை எல்லாம் உண்மையான கவலைகள்.

ஆனால் இவற்றில் எதுவும் அந்த அறிவிப்பை நியாயப்படுத்தாது. குற்றம் நிரூபணமாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை; தகவல் வந்ததும் ஆபத்து இருக்கக்கூடியதும் போதும். "விடுதியில் ஒரு மாணவி இறந்திருக்கிறார், காரணம் இன்னும் தெரியவில்லை, போலீஸ் விசாரிக்கிறது, முடிவு தெரியும்வரை கவனமாக இருங்கள்" என்று சொல்லியிருந்தால் விசாரணை கெட்டிருக்காது, யார் மீதும் பழி விழுந்திருக்காது, சட்டம் கேட்பதில் பெரும்பகுதியும் நிறைவேறியிருக்கும். அந்த அறிவிப்பு செய்தது இதற்கு நேர்மாறு. எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட மாணவர்கள் தாங்களாகவே சந்தேகப்பட்டு எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று அதிகாரபூர்வமாகச் சொன்னது அந்த இயல்பான எச்சரிக்கையையும் பிடுங்கிக்கொண்டது. எச்சரிக்கை தராமல் விட்டதைவிட இதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து.

பத்து வாரங்கள் அது திருத்தப்படாமல் இருந்ததும் கவனிக்க வேண்டிய விஷயம். முதல் நாள் குழப்பத்தில் வந்த பிழை என்றால் இரண்டாம் வாரம் சரி செய்திருக்கலாம். ஒரு பக்கம் வளாகப் போலீஸ் கொலையென்று துப்புத் துலக்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் அதே நிறுவனத்தின் பழைய அறிவிப்பு அப்படியே நின்றது. போலீசுக்குத் தெரிந்தது மாணவர்களைப் போய்ச் சேர வழி எதுவும் இருக்கவில்லை.

கணக்குத் தீர்த்தது

கைது நடந்த பிறகு கோபம் வெடித்தது. ஜீன் க்ளெரியின் பெற்றோர் தொடங்கிய அதே அமைப்பு கூட்டாட்சிக் கல்வித்துறையிடம் புகார் கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு தன் பங்குக்கு பட்ஸெல் லாங் என்ற சட்ட நிறுவனத்தை விசாரிக்கச் சொன்னது. 2007 கோடையில் இரண்டு அறிக்கைகளும் வந்தன. இரண்டும் பல்கலைக்கழகம் சட்டத்தை மீறியது என்றே சொன்னன. கல்வித்துறையின் ஆய்வு அந்த ஒரு மரணத்தோடு நிற்கவில்லை. எச்சரிக்கை கொடுப்பதற்கான முறையான நடைமுறையே இல்லாதது, குற்ற எண்ணிக்கையிலும் பாதுகாப்புக் கொள்கை அறிக்கையிலும் இருந்த குறைகள் எல்லாம் வெளியே வந்தன. எனக்கு இது வியப்பாக இல்லை. சாதாரண நாளில் பதிவேட்டை ஒழுங்காக எழுதாத நிறுவனம், நெருக்கடி நாளில் திடீரென்று ஒழுங்காகிவிடாது.

2007 ஜூலை நடுவில் ஆட்சிக்குழு பல்கலைக்கழகத் தலைவர் ஜான் ஃபாலனைப் பதவிநீக்கம் செய்தது. நம் ஊரில் துணைவேந்தர் என்று வைத்துக்கொள்ளலாம், அந்த அளவுக்குப் பெரிய பதவி. மாணவர் நலத் துணைத்தலைவரும் வளாகப் பாதுகாப்பு இயக்குநரும் வெளியேறினார்கள். டிசம்பரில் கல்வித்துறை 3,57,500 டாலர் அபராதம் விதிக்கப் போவதாக அறிவித்தது. அன்றைக்கு ஒரு மீறலுக்கு அதிகபட்ச அபராதம் 27,500 டாலர், அப்படிப் பதின்மூன்று. 2008-இல் பல்கலைக்கழகம் 3,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதுவரை இந்தச் சட்டத்தின் கீழ் கட்டப்பட்ட மிகப் பெரிய தொகை அதுதான். மாணவியின் குடும்பத்தோடு 25 லட்சம் டாலருக்குத் தனியாகச் சமரசம் ஆனது. குற்றவாளியின் முதல் விசாரணையில் ஜூரர்களுக்குள் ஒருமித்த முடிவு வரவில்லை. 2008-இல் நடந்த இரண்டாவது விசாரணையில் குற்றம் உறுதியாகி ஆயுள் தண்டனை கிடைத்தது.

க்ளெரி சட்டத்தை மட்டும் மீறியதாகச் சொல்லி ஒரு மாணவரோ குடும்பமோ பல்கலைக்கழகத்தை நேரடியாக நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அந்த உரிமையைச் சட்டமே கொடுக்கவில்லை. புகாரைக் கல்வித்துறையிடம்தான் கொடுக்க வேண்டும், அபராதமும் அரசுக்குத்தான் போகும். யாரும் புகார் கொடுக்காவிட்டால் எத்தனை மீறல்கள் அப்படியே புதைந்து கிடக்கும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. குடும்பங்கள் வேறு சட்டங்களின் கீழ் இழப்பீடு கேட்கலாம், ஆனால் அது தனிப் போராட்டம்.

நடுவில் வந்த ஏப்ரல்

ஈஸ்டர்ன் மிச்சிகன் விவகாரம் சூடாக இருந்த அதே மாதங்களில், 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் படுகொலை நடந்தது. காலை ஏழே கால் மணிவாக்கில் ஒரு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். இது தனிப்பட்ட உறவுப் பிரச்சினை, சுட்டவன் வளாகத்தை விட்டுப் போயிருப்பான் என்று போலீஸ் கணித்தது. வளாகம் முழுவதுக்கும் முதல் மின்னஞ்சல் போனபோது மணி 9:26. துப்பாக்கிச் சூடு என்று மட்டும் இருந்தது. இறந்தவர்கள் பற்றியோ சுட்டவன் பிடிபடாதது பற்றியோ இல்லை. சில நிமிடங்களில் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் இன்னும் 30 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போன நீரியல் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். அவர் அப்போது வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் தாமதமா, இல்லையா? கல்வித்துறை தாமதம்தான் என்று 55,000 டாலர் அபராதம் போட்டது. 2012-இல் நிர்வாக நீதிபதி ஒருவர் அந்தச் சூழ்நிலையில் அது நியாயமான நேரமே என்று அபராதத்தை ரத்து செய்தார். கல்வி அமைச்சர் ஆர்னே டங்கன் அந்தத் தீர்ப்பை மாற்றி, எச்சரிக்கை தாமதமானது தவறுதான் என்றார். கடைசியில் வர்ஜீனியா டெக் கட்டியது 32,500 டாலர். தொகையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் மணிக்கணக்கில்கூடப் பொறுப்பு உண்டு என்பது அதில் நிலைநாட்டப்பட்டது. ஈஸ்டர்ன் மிச்சிகன் வழக்கில் இந்தச் சிக்கலே எழவில்லை. பத்து வாரத்தைச் சரியான நேரம் என்று யாராலும் வாதாட முடியாது.

2008-இல் சட்டம் திருத்தப்பட்டு இன்னொரு கடமை சேர்ந்தது. வளாகத்தில் இருப்பவர்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து இருப்பது உறுதியானதும், தாமதிக்காமல் அவசர அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்கவும் வேண்டும். இன்று அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளின் போனில் நள்ளிரவில் வரும் வளாக எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அபராதங்களும் ஏறிவிட்டன. பென் ஸ்டேட் 2016-இல் ஏறக்குறைய 24 லட்சம் டாலர், மிச்சிகன் ஸ்டேட் 2019-இல் 45 லட்சம், லிபர்ட்டி பல்கலைக்கழகம் 2024-இல் 1 கோடியே 40 லட்சம் டாலர். லிபர்ட்டியில் புகார்களைத் தவறாக வகைப்படுத்தியதிலிருந்து எச்சரிக்கை தராதது வரை பதினொரு குறைகளைக் கல்வித்துறை கண்டது. 2024 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தால் ராகிங் சம்பவங்களும் இப்போது அறிக்கைக்குள் வந்துவிட்டன.

அறிக்கையை எப்படிப் படிப்பது

தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். தரவரிசையும் கல்விக் கட்டணமும் பார்க்கிற பெற்றோரில் பலருக்கு இப்படி ஓர் அறிக்கை இருப்பதே தெரியாது. பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஆனுவல் செக்யூரிட்டி ரிப்போர்ட் என்று தேடினால் கிடைத்துவிடும், இலவசம்.

எண்கள் குறைவாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் தங்கியிருக்கும் வளாகத்தில் மூன்று ஆண்டுகளாகப் பாலியல் குற்றப் புகார் பூஜ்யம் என்றால், மாணவிகள் சொல்லப் பயப்படுகிறார்களா, அல்லது சொன்னதை யாரும் எழுதவில்லையா என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். புகார் எண்ணிக்கை ஓரளவு அதிகமாக இருக்கிற இடத்தில், மாணவர்கள் நிர்வாகத்தை நம்பி வந்து சொல்கிறார்கள் என்றுகூட அர்த்தமாக இருக்கலாம்.

அடுத்தது, அந்த எண்கள் எந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டவை என்பது. வளாகம், அதன் விடுதிகள், பல்கலைக்கழகத்தின் பிற கட்டடங்கள், வளாகத்தை ஒட்டிய சாலை போன்ற பொது இடங்கள், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் பலர் மாஸ்டர்ஸ் படிக்கப் போய், நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு மைல் தள்ளித் தனியார் அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருப்பார்கள். அங்கே நடக்கும் திருட்டோ தாக்குதலோ இந்த அறிக்கையில் வராது. அதற்கு அந்த ஊர்ப் போலீசின் குற்ற வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மிக முக்கியமாக, எண்கள் இருக்கும் பக்கத்தைத் தாண்டி, எச்சரிக்கைக் கொள்கை இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். எச்சரிக்கை அனுப்பலாம் என்று முடிவு செய்பவர் யார், அவர் ஊரில் இல்லையென்றால் அடுத்தவர் யார், செய்தியை அனுப்ப வளாகப் போலீசுக்கு நேரடி அதிகாரம் உண்டா, இல்லை நாலு மேசை தாண்டி ஒப்புதல் வாங்க வேண்டுமா என்று அங்கே எழுதியிருக்கும். சில அறிக்கைகளில் பதவிப் பெயர்களோடு தெளிவாக இருக்கும். சிலவற்றில் சட்டத்தின் வாசகத்தை அப்படியே ஒட்டி வைத்திருப்பார்கள். இரண்டாவது வகையைப் பார்த்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: கடைசியாக எப்போது எச்சரிக்கை அனுப்பினீர்கள், சம்பவம் நடந்து எவ்வளவு நேரத்தில்? அதே பல்கலைக்கழகத்தின் தினசரிக் குற்றப் பதிவேட்டோடு அந்தப் பதிலை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். வளாகப் போலீஸ் இருக்கிற இடங்களில் கடைசி 60 நாட்களின் பதிவுகளை அலுவலக நேரத்தில் யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும்.